பொகை வருதுன்னு எழுதுங்க

பொகை வருதுன்னு எழுதிக்குங்க மேடம். மொதல்ல அதை எழுதிருங்க, மத்த கேள்வியெல்லாம் ஆற அமர கேக்கலாம். பேரு சன்னாசி. வயசு நாப்பத்தி மூணு. பூண்டு, கேரட்டு, கொஞ்சம் உருளை. இந்த மேல்மலையில வேற என்னத்த வெளையும்? உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இந்தப் பக்கம் சொவத்தோரமா உக்காருங்க. ஸ்கூட்டியிலயா வந்தீங்க? தனியாவா? இந்த மேட்டுல ஆம்பளைங்களே உருட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. தைரியந்தான்.

என்னாது, அடுப்பு சர்வேன்னா சமைக்கிறவங்ககிட்டதான் கேக்கணுமா? நல்ல கூத்தா இருக்கே! அடுப்பை வாங்குனது நானு. பஸ்ஸு டாப்புல ஏத்தி, மலை ஏறி முடியிற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் கயித்தை விடாமப் பிடிச்சுக்கிட்டு வந்தது நானு. சொவத்தைக் குடைஞ்சு பைப்பு வச்சது நானு. அவகிட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க? அவ இல்ல. அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா, கீழ வத்தலக்குண்டுக்கு. வருவா. வராம எங்க போயிருவா? அவ வர்றதுக்குத்தான் உங்க காகிதமே எனக்கு வேணும். அதைச் சொல்றேன். நீங்க எழுத வேண்டியது ஒரே வரி. ஆனா வெவரம் தெரியாம எழுதக்கூடாதுல்ல, அதுக்காகச் சொல்றேன்.

அவ பேரு தவமணி. கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம். அப்ப இந்த எடத்துல மண்ணடுப்பு இருந்துச்சு. மழைக்காலத்துல கதவைச் சாத்திட்டுச் சமைச்சான்னா உள்ள இருக்குறது ஆளா அண்டாவான்னு தெரியாது, அம்புட்டுப் பொகை. மேல பாருங்க, அந்த உத்தரம் இன்னும் கருப்பாத்தான் இருக்கு. நான் தோட்டத்துலருந்து வந்து பாத்தா அவ கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். மூக்கை உறிஞ்சிக்கிட்டே சோறு போடுவா. என்னடி கண்ணுன்னா, 'பொகை'ம்பா. நேத்துக் கேட்டாலும் பொகை, இன்னிக்கிக் கேட்டாலும் பொகை. பன்னெண்டு வருசமா ஒரே பதிலு மேடம். எனக்கு மனசு கேக்கல. இந்த ஊர்ல எவன் பொண்டாட்டி கண்ணைப் பாக்குறான்? நான் பாத்தேன்.

அடிப்பேன். அதை மறைக்கல. உங்ககிட்ட வழியிலயே யாராச்சும் சொல்லியிருப்பாங்க, ஊரு வாயி. கொழம்புல உப்புக் கூடுனா ஒண்ணு, பேசுறப்ப பதில் பேசாம நின்னா ஒண்ணு. பதில் பேசினாலும் ஒண்ணுதான், அது வேற. யாரு வீட்டுல இல்ல? அடிக்கிறது வேற, அக்கறை வேற. அக்கறை இல்லாதவன் அடுப்பு தேடி மூணு ஊரு அலைவானா? நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேணாம், எழுதுங்க.

எப்படித் தேர்வு செஞ்சீங்கன்னு ஒரு கேள்வி இருக்கா? இருக்கும். நல்லா எழுதிக்குங்க. கடையில பளபளன்னு ஒண்ணு காட்டுனான், உள்ள ஃபேன் சுத்தும், கரண்டு வேணும். எங்க ஊர்ல தூறல் போட்டாலே கரண்டு போயிரும். வேணாம்டா. இன்னொண்ணு பைப்பே கெடையாது, தகர டப்பா மாதிரி, வெளிய வச்சுச் சமைக்கலாமாம். இந்தக் குளிர்ல வெளிய உக்காந்தா வெரலு வெறைச்சுப் போகும். அதுவும் வேணாம். கடைசியில வத்தலக்குண்டுல ஒரு வெல்டிங் பட்டறை. பிரிட்டோன்னு ஒரு பய, முப்பது வயசு இருக்கும், ஒல்லியா இருப்பான், வாயி மட்டும் ஓயாது. அவன்தான் இதைச் செஞ்சான். வெளிய இரும்பு, உள்ள செங்கல்லு பதிச்சிருக்கு. கீழ ஒரு தெறப்பு, மேல சுத்தி வரிசையா ஓட்டை. கீழ வர்ற காத்து வெறகை எரிக்கும், மேல வர்ற காத்து பொகையை எரிக்கும். 'பொகையையே அது தின்னுரும்ணே, அப்புறம் வெளிய வர என்ன இருக்கு'ன்னான். எனக்குப் பிடிச்சுப் போச்சு.

வந்து மாட்டுனோம். ஊரே வந்து பாத்துச்சு. கூரை மேல பைப்பு வாயில என்னமோ கானல் மாதிரி ஆடுது, அம்புட்டுத்தான், பொகைன்னு ஒரு நூலு இல்ல. பானை அடி கரி பிடிக்கல. தவமணி சொவத்துக்கு வெள்ளை அடிச்சா. பத்து நாளு அவ கண்ணைப் பாக்கணுமே, பளிங்கு மாதிரி. அது பூண்டு எடுக்குற நேரம். விடிஞ்சு போயி இருட்டுனப்புறம் வருவேன், கையைத் தூக்கித் தலை சொறியக்கூடத் தெம்பு இருக்காது, தின்னுட்டு அப்படியே சாஞ்சிருவேன். காலையில அவ ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டுக்கூட இருந்தா. அடுப்போட அருமையைப் பாருடான்னு நெனச்சுக்கிட்டேன்.

பூண்டு முடிஞ்சு வீட்டுல உக்காந்தேனா, அப்பதான் கவனிக்கிறேன், இவளுக்கு அடுப்பை வச்சுக்கத் தெரியல.

பிரிட்டோ தெளிவாச் சொல்லி விட்டிருந்தான். வெறகு ரெண்டு வெரக்கடை மொத்தந்தான் இருக்கணும். மழைக்கு முன்னாடியே வெட்டி, தாழ்வாரத்துல எடைவெளி விட்டு அடுக்கிக் காய வைக்கணும். ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டுனா டங்குன்னு கேக்கணும். தொப்புன்னு கேட்டா ஈரம், வைக்கக் கூடாது. சாம்பல் தட்டைத் தெனம் காலையில தட்டணும். தட்டு நெறைஞ்சுச்சுன்னா கீழ காத்துப் போகாது. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பைப்பைக் கழட்டி, கம்பியில சாக்கைச் சுத்தி உள்ள இழுக்கணும். இதென்ன பெரிய கம்ப சூத்திரமா? எழுதிக்குங்க, மத்தவங்களுக்கு ஒதவும்.

ஐப்பசி மழை. ஒருநாள் பாக்குறேன், பச்சைச் சவுக்கு வெறகை எடுத்துச் சொருகுறா. நில்லுடின்னு ரெண்டு கட்டையை எடுத்துத் தட்டுனேன். தொப்புன்னுச்சு. அதே கட்டையால முதுகுல ஒண்ணு போட்டேன். அதுவும் தொப்புன்னுதான் கேட்டுச்சு. சிரிங்க மேடம், சிரிக்கத்தான் சொன்னேன். அன்னிக்கி அவளும் சிரிக்கல.

மறுநாள் சாம்பல் தட்டைத் தட்டாம விட்டுட்டா. அதுக்கு ஒண்ணு. அடுத்த வாரம் பைப்பு இழுக்க மறந்துட்டா, தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிக் காட்டுனேன், பாருடி இதுதான் பைப்புன்னு. நெத்தியில லேசா இடிச்சிருச்சு. ஊதாங்குழலு இருக்குல்ல, இந்தா இதுதான், இந்த அடுப்பு வந்ததுலருந்து இதுக்கு வேலையே இல்ல, ஊதாமலே எரியுதே. சும்மா மூலையில கெடந்துச்சு. அப்பப்ப கைக்கு வாட்டமா இருந்துச்சு. அம்புட்டும் எதுக்கு? அடுப்பு நல்லா இருக்கணும், அவ கண்ணு நல்லா இருக்கணும். அதுக்குத்தான்.

ஆனா என்ன ஆச்சு? திரும்பவும் கண்ணு செவந்து போச்சு!

என்னடி கண்ணுன்னேன். 'பொகை'ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொகையைத் தின்னுற அடுப்புடி இது! எங்கடி வருது பொகை? சரி, எங்கயோ கசியுது போலன்னு களிமண்ணும் சாம்பலும் கொழைச்சு மூட்டு மூட்டாப் பூசுனேன். மறுநாளும் கண்ணுல தண்ணி. மழையில கூரை மேல ஏறிப் பைப்பு மூடியைக் கழட்டிப் பாத்தேன், வழுக்கி விழுந்து இடுப்பு போயிருக்கும். உள்ள ஒண்ணுமில்ல. கீழ எறங்கி வந்தா, அடுப்பு முன்னாடி குத்த வச்சு முந்தானையால கண்ணைத் தொடைக்கிறா. 'பொகை'ங்குறா. நீங்களே என் எடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. பொண்டாட்டி சொல்றதை நம்புறதா, அடுப்பை நம்புறதா? நான் பொண்டாட்டியைத்தான் நம்புனேன். அந்தப் பயலுதான் ஏமாத்திப்புட்டான்னு முடிவு பண்ணுனேன்.

கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கெழமை, கோயிலுக்குப் போயிட்டு வெள்ளைச் சட்டையோட வந்தவனை வழியில மறிச்சு, பஸ்ஸுல ஏத்திக் கூட்டியாந்துட்டேன். காலரைப் பிடிச்சுத்தான். வந்தான், பாத்தான். அடுப்பைப் பத்த வச்சான். கைக்குட்டையை எடுத்து மூட்டு, கதவு, பைப்பு வளைவு எல்லாத்துலயும் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தான். வெள்ளைக் கைக்குட்டை வெள்ளையாவே இருந்துச்சு. தவமணிகிட்டத் திரும்பி, 'அக்கா, எந்தப் பக்கம் பொகை வருது, காட்டுங்க'ன்னான். அவ சேலையை இழுத்து இழுத்துக் கையை மூடுறா. முழங்கைக்கு மேல கன்னிப் போயி கெடந்துச்சு, அதை அவன் பாத்துட்டான் போல. எந்திரிச்சுக் கையைக் கழுவுனான். என்னைத் தனியா வெளிய கூப்புட்டு, 'அண்ணே, அடுப்புல ஒரு கொறையும் இல்ல. அக்காகிட்ட நல்லபடியா உக்காந்து பேசுங்க'ன்னான்.

யாருகிட்ட? என் பொண்டாட்டிகிட்ட நான் பேசுறதுக்கு, இவன் யாரு எனக்குச் சொல்றதுக்கு? அடுப்பு செய்ய வந்தவன் அடுப்பைப் பாருடா! ஊதாங்குழலு எப்படிக் கைக்கு வந்துச்சுன்னே தெரியல. மொத அடி தோள்ல. ரெண்டாவது வாயில. பல்லு ரெண்டு இந்த வாசப்படியிலதான் விழுந்துச்சு, அந்தா, நீங்க செருப்புக் கழட்டிப் போட்டிருக்கீங்கள்ல, அங்கதான். விழுந்தவனை ரெண்டு மிதி. சட்டையெல்லாம் ரத்தம். அதே கைக்குட்டையை வாயில பொத்திக்கிட்டு மலைப் பாதையில ஓடுனான் பாருங்க! கேஸு கீஸு ஒண்ணும் குடுக்கல. குத்தமுள்ளவன் எப்படிக் குடுப்பான்?

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கைக்குட்டை ஏன் கருக்கல? உள்ள வந்தேன். தவமணி அடுப்போரமா நிக்கிறா. கேட்டேன். பொகை வருதா, வரலயா? வருதுன்னா அவன் திருட்டுப்பய, நான் அடிச்சது சரி. வரலன்னா நீ பொய் சொல்லியிருக்க. ரெண்டுல ஒண்ணு சொல்லு. அவ பிடரியைப் பிடிச்சேன். அடுப்பு வாயிகிட்ட மூஞ்சியைக் கொண்டு போயி வச்சேன். காட்டுடி, எங்க பொகை, காட்டு! அனல்ல முன்முடி சுருங்குற வாடை வந்துச்சு. கொல்லணும்னெல்லாம் இல்ல மேடம். பதில் வேணும், அம்புட்டுத்தான்.

அப்ப சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. 'பொகை இல்ல'ன்னா. பன்னெண்டு வருசத்துல மொத தடவை.

அப்ப எதுக்குடி அழுத? எதுக்கு? சொல்லுன்னு கேக்குறதுக்குள்ள குனிஞ்சா. சாம்பல் தட்டைச் சரக்குன்னு உருவுனா. நெறையக் கங்கு. அப்படியே என் மேல விசிறிட்டா.

இந்தா பாருங்க, கழுத்துலருந்து தோள் வரைக்கும். இந்தக் கை வெரலு மூணும் மடங்காது. சட்டை தோலோட ஒட்டிப் போச்சு, ஆஸ்பத்திரியில உரிச்சுத்தான் எடுத்தாங்க. நான் தரையில உருண்டுக்கிட்டுக் கெடக்குறேன். அவ தட்டை இருந்த எடத்துலயே திரும்பச் சொருகுனா. தண்ணியை எடுத்து அடுப்புல ஊத்தி அணைச்சா. செருப்புகூடப் போடாம மழையில எறங்கிப் போனா. சாம்பல் தட்டைத் தெனம் காலையில தட்டுடின்னு எத்தனை தடவை சொன்னேன்! ஒழுங்காத் தட்டியிருந்தா அதுல அம்புட்டுக் கங்கு இருந்திருக்குமா? பராமரிப்பு இல்லன்னா இதான் கதி. அதையும் எழுதிக்குங்க.

காயம் ஆறுனதும் போனேன். தை பொறந்து மூணாம் நாளு. அவ அண்ணன் மொக்கராசு, லாரி ஓட்டுறான், நல்ல ஒசரம். தெருவுல நாலு பெரிய மனுசங்களைக் கூட்டி வச்சிருந்தான். நான் தன்மையாத்தான் பேசுனேன். அனுப்பி வைங்க மச்சான், வீடு வீடாவே இல்லன்னேன். நெஜந்தான் மேடம். நானே பொங்கி நானே திங்குறேன். சட்டியை வச்சுட்டுத் திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. பேசுனா சொவருதான் கேக்குது. எனக்கு அவ வேணும். வேற எதுவும் வேணாம், அவ வந்துரணும்.

மொக்கராசு கேட்டான், 'மாப்ள, எந்தங்கச்சி எதுக்கு அழுதா?' பொகைன்னேன். கூடி இருந்தவங்க கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. 'பொகையில்லாத அடுப்புன்னு ஊரைக் கூட்டிக் காமிச்சீங்களே மாப்ள, அதுலயா பொகை?'ன்னான். ஆமாம்னேன். வேற என்ன சொல்றது? வேற காரணம் இருந்தாத்தான சொல்றதுக்கு? அவன் எந்திரிச்சு என் மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னான். 'சரி. பொகைதான்னு எந்த ஆபீஸ்லருந்தாச்சும் ஒரு காகிதம் கொண்டா. நானே கூட்டியாந்து விடுறேன்.' கதவுக்குப் பின்னாடி அவ நின்னா. வளையல் சத்தம் கேட்டுச்சு. வெளிய வரல.

அன்னிக்கிலருந்து நானும் பாக்குறேன். பச்சை வெறகை வைக்கிறேன், தைல மரத் தழையைத் திணிக்கிறேன், பைப்பை இழுக்காம விடுறேன். ஒரு பொகையாவது வெளிய வரணுமே! செத்த நேரம் கமறும், அப்புறம் காத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திகுதிகுன்னு எரியும். அந்த நாசமாப் போறவன் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். நீங்க அடுப்பு சர்வேன்னு வாசல்ல வந்து நின்னீங்க பாருங்க, எனக்குக் கடவுளே வந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப பத்த வைக்கிறேன், பொகை அளக்குற உங்க மெஷினை வச்சுப் பாருங்க. ம், வைங்க. அந்தப் பக்கமும் வைங்க. என்னா காட்டுது? நம்பரு தெரியாது எனக்கு, வாயால சொல்லுங்க. ரொம்பக் கொறைச்சலா? மெஷினு ரிப்பேரா இருக்கும். திரும்ப வைங்க.

என்ன எழுதுறீங்க? எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் தங்கச்சி. 'புகை: இல்லை.' அடிங்க அதை. நான் இவ்வளவு நேரம் எதுக்குத் தொண்டை வறளக் கத்துனேன்? இல்லைங்குறதை அடிச்சுட்டு ஆமாம்னு போடுங்க. மாத்தக் கூடாதா? ஏன், எவன் வந்து பாக்கப் போறான்? ஒரு குடும்பம் சேரப் போகுது, உங்களுக்கு ஒரு கோடு கிழிக்கக் கை வராதா?

எங்க போறீங்க? உக்காருங்க. பைய வச்சுட்டு உக்காருங்க. உக்காருன்னேன்ல!

கதவைச் சாத்துறேன், காத்து அடிக்குது. தாழ்ப்பா போட்டாத்தான் நிக்கும் இந்தக் கதவு. கத்தாதீங்க, பக்கத்துக் காட்டுல யாரும் இல்ல, எல்லாம் சந்தைக்குப் போயிருக்காங்க. இதுவா? ஊதாங்குழலு. வெறகைத் தள்ளத்தான் எடுத்தேன். வலது கை ஆகாது, எடது கை நல்லாத்தான் இருக்கு. நான் உன்னைய என்ன பண்ணுனேன்? ஒரு அடி அடிச்சனா? எதுக்கு இப்படி நடுங்குற? நிமிந்து பாரு. இந்தா, நிமிருன்னு சொல்றேன்.

அட!

கண்ணுல தண்ணி. செவந்து போச்சு ரெண்டும். அப்படியே கொட்டுது! பாத்தியா? பாத்தியா? நான் என்ன சொன்னேன்? உன் காகிதத்துல ஒரு கேள்வி இருந்துச்சே, கண்ணுல தண்ணி வருதான்னு. இப்ப நான் கேக்குறேன், நீ சொல்லு. எதுனால உன் கண்ணுல தண்ணி வருது?

சத்தமாச் சொல்லு. காதுல விழல.

என்னது? பொகையா?

ஆங். அவளும் இப்படித்தான் சொல்லுவா, கொரலுகூட மாறல. எழுது.